ஃப்ரிட்ஜுக்குள் ஒரு சிங்கி இறால்

ஜப்பானிய விண்வெளி அனிமேயின் காமெடி எபிசோடுகளை ராயபுரத்திலிருந்து பார்த்தால்...

சிங்கி இறாலை யாருக்கும் தெரியாமல் ஒளித்துவைத்துவிட்டு மறந்துபோனால் என்ன ஆகும்? காசிமேட்டில் இதைக் கேட்டால் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். மற்ற மீனெல்லாம் கூடையில் கொட்டிக் கிடக்க, சிங்கி மட்டும் தனி மரியாதையோடு வரும். உயிரோடிருந்தால் ஒரு விலை, செத்துவிட்டால் ஒரு விலை. பிடித்தவன் வீட்டுக் குழம்பில் அது விழுவது எப்போதோ ஒருமுறை. அதைப் போய் ஒருத்தன் மறப்பானா?

மறந்தான். அவன் பெயர் ஸ்பைக் ஸ்பீகல். சொந்த ஊர் செவ்வாய் கிரகம். தலைக்கு விலை வைக்கப்பட்ட குற்றவாளிகளைப் பிடித்துக் கொடுத்துக் காசு வாங்குவது தொழில். நடப்பது 2071-ஆம் வருஷம். வியாழனைச் சுற்றும் கனிமீட் நிலாவின் உயர்ந்த ரகச் சிங்கி ஒன்று அவன் கைக்கு வருகிறது. கூட இருப்பவர்கள் தின்றுவிடுவார்களே என்று கப்பலின் மூலையில் கிடந்த பழைய ஃப்ரிட்ஜுக்குள் ஒளித்துவைக்கிறான். ஒரு வருஷத்துக்கு மேல் ஓடிவிடுகிறது. கதவு திறக்கும்போது உள்ளே இருப்பது இறால் இல்லை.

‘கவ்பாய் பீபாப்’ என்ற ஜப்பானிய அனிமே தொடரின் 11-வது எபிசோடு இது. முன் கதைக்கும் பின் கதைக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. சும்மா சிரிக்க வைக்க வந்த ஒரு எபிசோடு. இன்றைய பிள்ளைகள் இதற்கு ‘ஃபில்லர்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். “அது ஃபில்லர்ணா, ஸ்கிப் பண்ணிடு” என்று எனக்கே அறிவுரை சொன்ன பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் எங்கள் தெருவில் இருக்கிறான். இந்தக் கட்டுரை அவனோடு போடுகிற சண்டை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

போட்டுடா இது!

பீபாப் என்பது அந்தக் கப்பலின் பெயர். அது ராக்கெட் மாதிரி பளபளவென்று இருக்காது. கிரகங்களுக்கு நடுவே மீன்பிடித் தொழில் செய்துகொண்டிருந்த பழைய விசைப்படகு அது. ஜெட் பிளாக் என்ற முன்னாள் போலீஸ்காரர் அதை வாங்கி, மாற்றிக் கட்டி, ஓட்டிக்கொண்டிருக்கிறார். தண்ணீரில் இறங்கும், துறைமுகத்தில் மற்ற படகுகளுக்குப் பக்கத்தில் நிற்கும். துரு, எண்ணெய்க் கறை, எப்போதும் ஏதோ ஒன்று பழுது.

என் மாமா ஒருவர் காசிமேட்டில் போட்டு டிரைவராக இருந்தவர். நான் கம்ப்யூட்டரில் இந்த எபிசோடைப் பார்த்துக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்றார். ஜப்பானிய மொழியும் புரியாது, ஆங்கில சப்டைட்டிலும் அவருக்கு ஆகாது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “இன்னாடா இது, நம்ம லாஞ்சு மாதிரி கீது?” என்றார். மீன்பிடிக் கப்பல்தான் மாமா, இப்போ வானத்துல ஓடுது என்றேன். அடுத்த கேள்வி உடனே வந்தது: “டீசலு எவ்ளோ குடிக்கும்?”

விண்வெளிப் படம் பார்த்து இந்தக் கேள்வியைக் கேட்பவர்தான் பீபாப்புக்குச் சரியான ரசிகர். அந்தத் தொடரில் எல்லோருக்கும் அந்தக் கவலைதான்.

எபிசோடு தொடங்கும்போது ஃபேய் வாலண்டைன் என்கிற கப்பல்வாசி, பகடை உருட்டி ஜெட்டின் துணிமணி வரைக்கும் ஜெயித்துவிடுகிறாள். அந்த மனுஷர் வேறு துணி தேடிச் சாமான் அறைக்குப் போன இடத்தில் எதுவோ கடிக்கிறது. கழுத்தில் ஊதா நிறத்தில் தடிப்பு. கொஞ்ச நேரத்தில் மயக்கம். அடுத்து ஐன் என்ற நாய், அப்புறம் ஃபேய். ஸ்பைக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நெருப்பு உமிழும் துப்பாக்கியோடு இருட்டு வழிகளில் தவழ்ந்து போகிறான். 1979-இல் வந்த ‘ஏலியன்’ படத்தை அச்சு அசலாக நக்கலடிக்கிறார்கள். நம் ஊர் ‘லொள்ளு சபா’ என்ன செய்ததோ அதேதான். வித்தியாசம் ஒன்று உண்டு. லொள்ளு சபாவில் செட்டும் விக்கும் வேண்டுமென்றே மட்டமாக இருக்கும். இங்கே வெளிச்சமும் சத்தமும் நிஜத் திகில் படத்தின் தரத்தில் இருக்கின்றன. பூதத்தை மட்டும் ஒரு கெட்டுப்போன இறாலாக மாற்றிவிட்டார்கள்.

நடுநடுவே ஒவ்வொருவரும் வாழ்க்கையில் கற்ற பாடம் என்று ஒன்றைச் சொல்கிறார்கள், பெரிய தத்துவம் மாதிரி. கடைசிப் பாடம் ஸ்பைக்குடையது: ஃப்ரிட்ஜில் சாமானை வைத்துவிட்டு மறக்கக் கூடாது. அவன் அந்த ஃப்ரிட்ஜைக் கப்பலுக்கு வெளியே உதைத்துத் தள்ளும்போது சைகோவ்ஸ்கியின் ‘மலர்களின் வால்ட்ஸ்’ இசைக்கிறது. விண்வெளியில் மெதுவாகச் சுழன்றபடி ஒரு பழைய ஃப்ரிட்ஜ் போகிறது. ‘2001: எ ஸ்பேஸ் ஒடிசி’யில் கப்பல்கள் வால்ட்ஸ் இசைக்கு மிதப்பது ஞாபகம் இருப்பவர்களுக்கு அது இன்னொரு சிரிப்பு. மிஞ்சிய பூதத்தை என்ன செய்தார்கள்? எட் என்கிற குட்டிப்பெண் தூக்கக் கலக்கத்தில் அதைத் தின்றுவிடுகிறாள். கதை முடிந்தது.

மாமா சிரிக்கவில்லை. “இவனுங்க போட்டுல ஐஸ் பெட்டிய யாருமே கழுவ மாட்டானுங்களா?” என்று கேட்டுவிட்டு டீ குடிக்கப் போனார்.

வரிசை மாறிய டிஸ்க்

நான் பீபாப்பைப் பார்த்த கதையும் கோணல்தான். பீச் ஸ்டேஷனுக்கு எதிரே, ராஜாஜி சாலை நடைபாதையோடு ஒட்டி ஓடுகிற பர்மா பஜார் ஞாபகமிருக்கிறதா? பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்களின் பிழைப்புக்காக 1969-இல் உருவான கடைவரிசை. எங்கள் காலத்தில் டிவிடியின் சொர்க்கம். அங்கே ஒரு கடையில் (பெயர் எதற்கு) ஜாக்கி சான் படம் என்று கேட்டு, அட்டையில் துப்பாக்கியோடு ஒல்லியாக ஒருவன் நின்ற டிஸ்க்கோடு வீட்டுக்கு வந்தேன். மாற்றித் தரச் சொல்லிப் போனால் கடைக்காரர், “அதுவும் சண்டைப் படம்தான், பாரு தம்பி” என்றார். பொய்யில்லை. ஸ்பைக் அடிக்கிற அடி புரூஸ் லீயின் ஜீத் குனே டோ. வடசென்னைக்காரனுக்கு புரூஸ் லீயை விளக்கத் தேவையில்லை. பாதி ஜிம் சுவர்களில் இன்னும் அவர்தான்.

அந்த டிஸ்க்கில் எபிசோடுகள் வரிசையாக இல்லை. எனக்கு முதலில் ஓடியது இந்த இறால் எபிசோடு. ஆக, இது முழுக்க ஒரு காமெடித் தொடர் என்று நம்பிப் பல நாள் சுற்றிக்கொண்டிருந்தேன். அடுத்து ஓடிய எபிசோடில் ஒருவன் சர்ச்சின் வண்ணக் கண்ணாடி ஜன்னல் வழியாக விழுகிறான். டிஸ்க் மாறிவிட்டதோ என்றுதான் நினைத்தேன்.

பிறகுதான் தெரிந்தது, ஜப்பான்காரர்களுக்கே முதலில் அப்படித்தான் கிடைத்தது என்று. 1998 ஏப்ரல் 3 முதல் ஜூன் 26 வரை டிவி டோக்கியோ இதை ஒளிபரப்பியது. மொத்தம் 26 எபிசோடுகள், போட்டது 12. வன்முறை, போதை, வெடிகுண்டு என்று அந்த நேரத்துக்கு ஒத்துவராதவற்றையெல்லாம் ஓரங்கட்டிவிட்டார்கள். முதல் எபிசோடே போகவில்லை, கடைசி எபிசோடும் போகவில்லை. பழைய காட்சிகளை ஒட்டிக் கோபத்தோடு செய்த ஒரு சிறப்பு எபிசோடோடு தொடரை நிறுத்திக்கொண்டார்கள். முழுத் தொடரும் 1998 அக்டோபரிலிருந்து 1999 ஏப்ரல் வரை வாவ்வாவ் என்ற கட்டணச் சேனலில்தான் வந்தது. தலையும் வாலும் இல்லாமல் ஓடிய அந்த 12-இல் நம் இறால் எபிசோடு இருந்தது. தனியாக நிற்கத் தெரிந்தது பிழைத்துக்கொண்டது.

இயக்குநர் ஷினிசிரோ வதனாபே. தலைமை எழுத்தாளர் கெய்கோ நொபுமோட்டோ; 2021 டிசம்பரில் காலமானார். இசை யோகோ கன்னோ. பொம்மைக் கம்பெனி பணம் போடுகிறது, விண்வெளிக் கப்பல் வந்தால் போதும், மற்றபடி உங்கள் இஷ்டம் என்று சொல்லித்தான் வேலையைக் கொடுத்தார்களாம். எடுத்ததைப் பார்த்த பிறகு பொம்மைக்காரர்கள் கழன்றுகொண்டார்கள். குழந்தை எந்தக் கப்பல் பொம்மையைக் கேட்கும், துருப்பிடித்த மீன்பிடி லாஞ்சையா?

கட்டியங்காரன் வந்தான்

அந்தப் பத்தாம் வகுப்புப் பையன் சொல்வதிலும் நியாயம் கொஞ்சம் இருக்கிறது. பல அனிமே தொடர்கள் வாரப் பத்திரிகையில் வருகிற மங்கா படக்கதையை வைத்து எடுக்கப்படுகின்றன. டிவி வேகமாக ஓடிக் கதையை எட்டிப் பிடித்துவிடும். அப்போது மங்கா முன்னே போகட்டும் என்று இடம் நிரப்ப எழுதுவதுதான் ஃபில்லர். ‘டிராகன் பால் ஸீ’யின் 125-வது எபிசோடில் உலகத்தின் மகா பலசாலி கோக்குவும் பச்சை நிறப் பிக்கோலோவும் டிரைவிங் ஸ்கூலுக்குப் போகிறார்கள், கோக்குவின் மனைவி அனுப்பிவைத்து. கிரகத்தையே உடைக்கத் தெரிந்தவர்களுக்கு ஸ்டீயரிங் பிடிக்கத் தெரியவில்லை, லைசென்ஸும் கிடைக்கவில்லை. ஆர்.டி.ஓ. மைதானத்தில் எட்டு போட்டு, காலை ஊன்றி, திரும்பி வந்தவர்கள் யாருக்கும் அந்த எபிசோடை வெறும் ஃபில்லர் என்று சொல்ல மனம் வராது. நிரப்புவதற்காக எழுதியதில்தான் கோக்கு நம் பக்கத்து வீட்டுக்காரன் ஆகிறான்.

ஆனால் பீபாப்பின் கணக்கு வேறு. அது எந்த மங்காவையும் வைத்து எடுத்ததில்லை. நேராக டிவிக்கு எழுதிய கதை. நிரப்ப வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லாமல், மெனக்கெட்டுக் காமெடியை வைத்தார்கள். எங்கே வைத்தார்கள் என்று பாருங்கள். 11-இல் இறால், 12, 13-இல் ‘ஜூபிடர் ஜாஸ்’ என்ற துரோகமும் சாவும் நிறைந்த இரண்டு பாகக் கதை. 17-இல் காளான் காமெடி. 18-இல் ஃபேயின் தொலைந்துபோன சிறுவயது ஒரு பழைய டேப்பிலிருந்து வெளியே வருகிறது. 22-இல் குதிரை மேல் ஏறிய கோமாளி. 24-இல் குடும்பம் கலைகிறது. 26-இல் எல்லாம் முடிகிறது.

இது நமக்குப் புதுசு இல்லை. விடிய விடியத் தெருக்கூத்து பார்த்தவர்களுக்குக் கட்டியங்காரன் எப்போது வருவான் என்று தெரியும். திரௌபதி சபையில் நின்று கதறப் போகிறாள் என்றால், அதற்கு முன்னால் அவன் வந்து ஊர் பிரசிடென்ட்டைக் கிண்டல் செய்துவிட்டுப் போவான். சனம் வாய்விட்டுச் சிரித்து அசந்திருக்கும் நேரம் பார்த்துத்தான் துச்சாதனன் நுழைவான்.

தமிழ் சினிமாவிலும் தனிக் காமெடி டிராக் என்று ஒரு ஏற்பாடு வெகுகாலம் ஓடியது. அதற்கென்று தனி எழுத்தாளரே உண்டு. 1989-இல் வந்த ‘கரகாட்டக்காரன்’ படத்தில் கவுண்டமணியும் செந்திலும் வாழைப்பழத்துக்கு அடித்துக்கொண்டதற்குப் பின்னால் ஏ.வீரப்பன் என்ற எழுத்தாளர் இருந்தார். படம் பார்க்காதவனுக்கும் அந்த வாழைப்பழம் தெரியும். சிரிப்பொலி, ஆதித்யா மாதிரி சேனல்கள் வெறும் டிராக்குகளை வெட்டி வெட்டிப் போட்டே பிழைத்தன. தனியாக நிற்கிற காமெடியைப் பார்க்கப் பழகிய கண் நமக்கு உண்டு.

ஒரு வித்தியாசம் மட்டும் முக்கியம். நம் டிராக்கில் சிரிக்க வைப்பது கவுண்டமணியின் வேலை, அழுவது ஹீரோவின் வேலை. ‘தில்லு முல்லு’ மாதிரி ஹீரோவே இறங்கி அடித்த படங்கள் கொஞ்சம்தான். பீபாப்பில் இரண்டு வேலையும் ஒரே ஆள். ஃப்ரிட்ஜைத் திறந்து அசடு வழிந்தவன்தான் அடுத்த எபிசோடில் சுடப்பட்டு விழுகிறான். அதனால்தான் வலிக்கிறது.

கரண்ட் போன டோக்கியோ

பீபாப்பை விட்டு ஒரு நிமிஷம் வெளியே வருகிறேன். எண்ணூர்க்காரர்களுக்கு நான் சிபாரிசு செய்கிற எபிசோடு வேறு. ‘நியான் ஜெனிசிஸ் எவாஞ்சலியன்’ என்ற தொடர், ஹிடேயாகி அன்னோ இயக்கியது, 1995 அக்டோபரிலிருந்து 1996 மார்ச் வரை வந்தது. ராட்சச இயந்திரங்களுக்குள் 14 வயதுப் பிள்ளைகளை உட்காரவைத்து, எங்கிருந்தோ வருகிற பூதங்களோடு சண்டைக்கு அனுப்புகிறார்கள். மனசைப் பிழிகிற கதை. அதிலும் 11-வது எபிசோடுதான் எனக்குப் பிடித்தது. தற்செயல்தான்.

அந்த எபிசோடில் கரண்ட் போய்விடுகிறது.

உலகத்தையே காப்பாற்றுகிற தலைமையகம். பூமிக்கடியில் ஊர் அளவுக்குக் கட்டடம். எவனோ செய்த சதியில் மொத்தமும் இருட்டு. கதவு திறக்காது, கார்டு தேய்த்தால் வேலை செய்யாது. லிஃப்ட்டுக்குள் இரண்டு அதிகாரிகள் மாட்டிக்கொள்கிறார்கள், அதில் ஒருவருக்கு அவசரமாகப் பாத்ரூம் போக வேண்டும். ஏசி இல்லாததால் கமாண்டரும் துணைக் கமாண்டரும் முகத்தை மட்டும் கம்பீரமாக வைத்துக்கொண்டு, மேஜைக்குக் கீழே தண்ணீர் பக்கெட்டில் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். இந்த நேரம் பார்த்துப் பூதம் வருகிறது. அதைச் சொல்ல ஃபோன் இல்லை. ஒரு அதிகாரி தெருவில் போய்க்கொண்டிருந்த தேர்தல் பிரச்சார வண்டியை மடக்கி, மைக் வழியாகவே கத்திக்கொண்டு தலைமையகத்துக்குள் வருகிறார். ராட்சச இயந்திரத்தைக் கிளப்ப ஆட்கள் கயிறு பிடித்து இழுக்கிறார்கள். தேர் இழுக்கிற மாதிரி, கமாண்டரும் சேர்ந்துதான்.

பிரச்சார வேன் வந்த இடத்தில் நான் கைதட்டிவிட்டேன். ஜப்பானிலும் அதே ஸ்பீக்கர், அதே கும்பிடு.

எண்ணூரில் 1970-இலிருந்து 2017-இல் மூடும் வரை அனல்மின் நிலையம் ஓடியது. வடசென்னை அனல்மின் நிலையம் இன்றும் ஓடுகிறது. புகையும் சாம்பலும் இந்தப் பக்கம், கரண்ட் எந்தப் பக்கமோ. 2012 மின்வெட்டுக் காலத்தில் சென்னைக்கு 2 மணி நேரம், வெளியூர்களுக்கு அதைப் போலப் பல மடங்கு. அதே வடசென்னையில், புகைபோக்கி கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் பனையோலை விசிறியோடு உட்கார்ந்திருந்தவர்களிடம் போய் இது அறிவியல் புனைகதை என்று சொல்லிப் பாருங்கள்.

எவாஞ்சலியனில் சண்டை முடிந்த பிறகு மூன்று பிள்ளைகளும் மேட்டில் படுத்து வானத்தைப் பார்க்கிறார்கள். ஊரில் விளக்கே இல்லாததால் நட்சத்திரம் அவ்வளவு தெரிகிறது. மொட்டை மாடியில் பாய் போட்டுப் படுத்தவர்களுக்கு அந்தக் காட்சிக்கு சப்டைட்டில் வேண்டாம். கரண்ட் வந்ததும் எங்கள் தெருவில் ஒரு ‘ஏ...!’ கிளம்பும். டோக்கியோவில் அது மட்டும் இல்லை.

பாடு இல்லாத நாள்

மீனவர் பேச்சில் ‘பாடு’ என்றால் வலையில் விழுந்த மீன். நல்ல பாடு, சுமாரான பாடு, பாடே இல்லை. பீபாப்பை இந்த ஒரு வார்த்தையால் சொல்லிவிடலாம்: 26 எபிசோடில் பெரும்பாலும் இவர்களுக்குப் பாடு இல்லை. துரத்திய ஆள் செத்துப்போவான், தப்பித்துப்போவான், இல்லை கிடைத்த தொகை உடைத்த கடைகளுக்கே சரியாகப் போகும். முதல் எபிசோடிலேயே ஜெட் குடமிளகாயும் பீஃபும் என்று சொல்லி ஒரு தட்டை நீட்டுகிறார். அதில் பீஃப் இல்லை. ஏன் இல்லை என்று ஸ்பைக் கேட்க, காசு இல்லாதபோது இதற்கு இதுதான் பெயர் என்கிற மாதிரி ஒரு விவாதம். வருஷா வருஷம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகெல்லாம் வரிசையாகக் கட்டிக் கிடக்கும். பெயின்ட் அடிப்பார்கள், இன்ஜினைப் பிரிப்பார்கள், வலை முடிவார்கள். அந்த நாட்களில் மீன் இல்லாத மீன் குழம்பு எத்தனையோ வீட்டில் கொதித்திருக்கிறது. புளி இருக்கும், மாங்காய் இருக்கும், வாசனை கூட இருக்கும்.

17-வது எபிசோடு, ‘மஷ்ரூம் சம்பா’, முழுக்க இந்தப் பசியில்தான் ஓடுகிறது. கப்பலில் எரிபொருளும் இல்லை, தின்ன எதுவும் இல்லை. எவனோ ஒரு வண்டிக்காரன் இடித்துவிட்டு நிற்காமல் போக, யூரோப்பா நிலாவில் போய் விழுகிறார்கள். ஃபேய் மட்டும் திருட்டுத்தனமாகத் தேதி முடிந்த டப்பா உணவைத் தின்று பாத்ரூமைவிட்டு வெளியே வர முடியாமல் கிடக்கிறாள். சாப்பாடு தேடக் குட்டிப்பெண்ணையும் நாயையும் அனுப்புகிறார்கள். அவள் கொண்டுவருவது போதைக் காளான். முதலில் நாய்க்குக் கொடுத்துச் சோதிக்கிறாள். பிறகு பெரியவர்கள். ஜெட் தன் போன்சாய் மரங்களோடு ஆழமான உரையாடலில் இறங்குகிறார். ஃபேய் தண்ணீருக்குள் நீந்துகிறாள். ஸ்பைக் ஒரு படிக்கட்டில் ஏறிக்கொண்டே இருக்கிறான். வழியில் ஒரு தவளை, இது சொர்க்கத்துக்குப் போகிற படி என்கிறது. ஏறிக்கொண்டே இருக்கிறான்.

இந்த எபிசோடின் மறுபாதி அவ்வளவு சுகமில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1970-களில் வந்த அமெரிக்கக் கறுப்பின ஆக்‌ஷன் படங்களைக் கிண்டலடிக்கிறார்கள். சவப்பெட்டியை இழுத்துக்கொண்டு ஒருவன் வருகிறான். மூலப்படம் தெரியாதவர்களுக்குப் பாதி நக்கல் தலைக்கு மேல் போகும். எனக்கும் போனது. கடைசியில் சன்மானமும் இல்லை. கைக்கு வந்தது காளான்தான், அதுவும் சாதாரணக் காளான். அதுதான் அன்றைய சாப்பாடு.

22-வது எபிசோடு, ‘கவ்பாய் ஃபங்க்’, எல்லாவற்றிலும் அடாவடி. கரடி பொம்மைக்குள் குண்டு வைத்துப் பெரிய கட்டடங்களைத் தகர்க்கிற ஒருவன். அவனிடம் ஒரு கொள்கை இருக்கிறது, சொல்லத்தான் ஆள் கிடைக்கவில்லை. அவன் வாயைத் திறக்கும்போதெல்லாம் ஸ்பைக்கும், குதிரையோடு மாடி ஏறி வருகிற ஆண்டி என்ற பணக்காரக் கவ்பாயும் ஒருத்தரை ஒருத்தர் முறைத்துக்கொண்டு நிற்கிறார்கள். மேடையில் மைக் பிடித்தும் பேச விடாமல் மாலை மேல் மாலை போட்டுக் கவனிக்கப்படுகிற வட்டச் செயலாளரைப் பார்த்திருப்பீர்களே, அந்த முகம் அந்தக் குண்டுக்காரனுக்கு. ஸ்பைக்குக்கு ஆண்டியைக் கண்டாலே ஏன் பற்றிக்கொண்டு வருகிறது என்றால், இருவரும் ஒரே அச்சு. சொன்னால் ஸ்பைக் ஒப்புக்கொள்ள மாட்டான்.

இதே வதனாபே பின்னால், 2014-இல், ‘ஸ்பேஸ் டேண்டி’ என்று 26 எபிசோடு செய்தார். அதில் எல்லாமே தனித்தனி, கிட்டத்தட்ட எல்லாமே காமெடி. ஒரு எபிசோடில் பிரபஞ்சமே ஜாம்பி ஆகிவிடுகிறது. அழுகாமல் இருக்க ஜாம்பிகள் தயிர் தின்கின்றன. கெட்டுப்போவதற்குப் பதில் புளிக்கலாமே என்று. தயிர்சாத நாட்டுக்காரனாக எனக்கு அதில் தனிப் பெருமை. ஆனாலும் பீபாப் அளவுக்கு அது ஒட்டவில்லை. எல்லோரும் கட்டியங்காரன் ஆகிவிட்டால் கூத்து எங்கே?

டோல்கேட் தாண்டி

ராத்திரி 9 மணிக்கு மேல் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் வந்து பாருங்கள். துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாக நிற்கும். டிரைவர்கள் இறங்கி டீ குடித்துக்கொண்டிருப்பார்கள். மணலிப் பக்கம் சுத்திகரிப்பு ஆலையின் நெருப்பு வானத்தில் எரியும். பாலத்தின் மேல் மெட்ரோ ஓடும். 2021-இல் திறந்த அந்த நீட்டிப்புப் பாதையில் ஒரு ஸ்டேஷனுக்குப் பெயரே டோல்கேட். பீபாப்பிலும் கிரகத்திலிருந்து கிரகத்துக்குத் தாண்ட ஒரு கேட் உண்டு, அதற்குச் சுங்கம் உண்டு. சுங்கப் பணத்தைக் கம்ப்யூட்டர் வழியாகத் திருடுகிற கும்பலைப் பற்றி 14-வது எபிசோடே இருக்கிறது.

எதிர்காலம் என்று வெளியூர்க்காரர்கள் கண்ணாடிக் கோபுரத்தைத்தான் வரைவார்கள். வதனாபேயின் 2071-இல் கிரேன், குழாய், துரு, கடன், பழுதான மோட்டார். வடசென்னையைச் சினிமாவில் காட்டும்போது கத்தியும் குத்துச்சண்டையும் வந்துவிடுகின்றன. அதில் நல்ல படங்களும் இருக்கின்றன. ஐஸ் பெட்டியைக் கழுவுவது யார் என்ற சண்டை மட்டும் வருவதில்லை. அந்தச் சண்டையை நான் முதலில் திரையில் பார்த்தது ஒரு ஜப்பானியக் கப்பலில்.

2025 செப்டம்பரில் ‘டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காசில்’ தமிழ்க் குரலோடு தியேட்டருக்கு வந்தது. டோரேமான் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் கூட்டமாகப் போனார்கள். டோரேமானும் வேறென்ன? 22-ஆம் நூற்றாண்டிலிருந்து வந்த ரோபோ பூனையின் தனித்தனிச் சிரிப்புக் கதைகள்தானே. தமிழ் டப்பிங் எழுதுகிறவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள்: என்றைக்காவது பீபாப் உங்கள் கைக்கு வந்தால், ஜெட் பிளாக்குக்குக் காசிமேட்டுத் தமிழ் கொடுங்கள். எங்கள் மாமா மாதிரி ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்து எழுதினால் போதும்.

பத்தாம் வகுப்புத் தம்பிக்கு: 11, 17, 22. ஸ்கிப் பண்ணாதே. வரிசை மாற்றிப் பார்த்தாலும் பரவாயில்லை, நான் அப்படித்தான் பார்த்தேன். 26-ஐ மட்டும் கடைசியில் வைத்துக்கொள். அதிலும் ஒரு படிக்கட்டு வரும். ஸ்பைக் அதில் ஏறுவதில்லை, இறங்கி வருகிறான்.